‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்றால் சட்டத்துக்குப் புரியாது: தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கு சிங்கப்பூரில் உள்ள வழிகள்

“அவன் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்.” போலிஸ் நிலையத்திலும், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும், உதவி எண்ணிலும் தமிழ்ப் பெண்கள் பேசத் தொடங்கும்போது வருவது பெரும்பாலும் இந்த வாக்கியம்தான். நம் வீடுகளில் இதற்கு மேல் சொல்லிப் பழக்கவில்லை. தமிழில் கேட்பவருக்கு இது போதும், முகம் மாறிவிடும். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘முறையில்லாமல் நடந்துகொண்டார்’ என்ற வெறும் வரியாகச் சுருங்கிப்போகிறது. பேருந்தில் இடுப்பைப் பிடித்தானா? மின்தூக்கியில் அசிங்கமாகப் பேசினானா? குளியலறைக் கதவுக்கு மேலே கைப்பேசியை நீட்டினானா? மூன்று மாதமாக புளோக் அடியில் காத்து நிற்கிறானா? நம் பேச்சில் நான்கும் ‘தப்பு’. சட்டத்தில் நான்கும் வெவ்வேறு குற்றம், தண்டனையும் வேறு, போக வேண்டிய வழியும் வேறு.

பிடிப்பது, தடவுவது, வேண்டுமென்றே உரசுவது தண்டனைச் சட்டத்தொகுப்பின் 354ஆம் பிரிவில் வரும் மானபங்கம். இதற்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022 மார்ச் 1 முதல் 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்ந்தது. அபராதமும் பிரம்படியும் சேரலாம். கை படாமல், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல்லும் ஆபாசச் சொல்லும் காட்டும் சைகையும் 377பிஏ பிரிவு. ஓராண்டு வரை சிறை. ஒளிந்து பார்ப்பதும் படம்பிடிப்பதும் 377பிபி பிரிவு. 2 ஆண்டு வரை சிறை. பின்தொடர்ந்து அலைவது இந்தச் சட்டத்தொகுப்பிலேயே இல்லை. அது 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தில் 7ஆம் பிரிவாக இருக்கிறது. வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் ‘போஹா’ என்று சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். தண்டனை 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதனால் புகாரில் உடலுறுப்பின் பெயர் இருக்க வேண்டும். எந்தக் கை, எங்கே பட்டது, துணிக்கு மேலா உள்ளேயா, விரலா உள்ளங்கையா, எவ்வளவு நேரம், ரயில் அப்போது எந்த நிலையத்தைத் தாண்டியிருந்தது, நீங்கள் நகர்ந்து நின்ற பிறகும் கை கூடவே வந்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை மறக்காமல் சொல்லுங்கள். ‘கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்டது’ என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். நகர்ந்த பிறகும் வந்த கை தெரியாமல் வந்த கை அல்ல. வாயால் சொல்ல வரவில்லை என்றால் வீட்டிலேயே தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். அன்றிரவே எழுதியது என்றால் அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

பேருந்திலோ ரயிலிலோ நடந்தால் பேருந்தின் எண், வாகனப் பதிவு எண், பெட்டியில் எந்தக் கதவுக்குப் பக்கம் நின்றீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் நினைவில் இல்லையென்றால் கவலை வேண்டாம். கட்டண அட்டையைத் தட்டிய நேரம் பயணப் பதிவில் இருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் காலவரையின்றி வைக்கப்படுவதில்லை. பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் மின்தூக்கிகளில் உள்ள கேமராப் பதிவை நகர மன்றம் பொதுவாகப் போலிசுக்குத்தான் கொடுக்கும், கேட்டுப் போகும் குடியிருப்பாளருக்கு அல்ல. பாலியல் குற்றங்களைப் புகார் செய்ய இங்கே காலக்கெடு கிடையாது; பத்து ஆண்டு கழித்தும் செய்யலாம். ஆனால் கேமரா பத்து ஆண்டு காத்திருக்காது.

யார் செய்தது?

நடந்தது என்ன என்பதற்கு அடுத்து வரும் கேள்வி, அதைச் செய்தவர் உங்களுக்கு யார் என்பது. நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ‘பிபிஓ எடுக்கணும்’ என்றே சொல்கிறார்கள். பிபிஓ எனப்படும் தனிநபர் பாதுகாப்பு ஆணை, மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்கீழ் குடும்ப நீதிமன்றம் கொடுப்பது. அது குடும்பத்தாருக்கு எதிராக மட்டுமே. கணவர், முன்னாள் கணவர், பெற்றோர், மாமனார், மாமியார், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அதில் வருவார்கள். குடும்பத்தவராகக் கருதத் தகுந்தவர் என்று நீதிமன்றம் முடிவு செய்யும் வேறு உறவினரும் வரலாம். காதலன், முன்னாள் காதலன், நிச்சயதார்த்தத்தோடு முறிந்துபோன மாப்பிள்ளை, உடன் வேலை செய்பவர், அண்டை வீட்டுக்காரர், இணையத்தில் மட்டும் பழகியவர் இவர்களெல்லாம் குடும்பமல்ல. அவர்களுக்கு எதிராக போஹா சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க வேண்டும். அதை விசாரிக்கத் தனியாக ஒரு நீதிமன்றமே 2021 ஜூன் 1 முதல் இயங்குகிறது. முன்னாள் காதலனுக்கு எதிராகக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், அங்கே ‘இது இங்கே வராது’ என்று கேட்டதும் சட்டமே கைவிட்டுவிட்டது என்று வீடு திரும்புவதுதான் நடக்கக்கூடாதது.

வீட்டுக்குள் நடப்பது

குடும்ப வன்செயல் என்பதற்கான பொருள் 2025 ஜனவரி 2 முதல் விரிந்திருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமையும், மனரீதியான, உணர்வுரீதியான கொடுமையும் அதில் இப்போது வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, யாரோடும் பேசவிடாமல் அறைக்குள் அடைப்பது, போகுமிடமெல்லாம் வேவு பார்ப்பது, ‘ஊருக்கு அனுப்பிடுவேன், பிள்ளைய பாக்கவே முடியாது’ என்று தினமும் மிரட்டுவது இவையெல்லாம் நம் வீடுகளில் ‘குடும்பச் சண்டை’ என்ற பெயரில் மறைந்து கிடந்தவை. உடம்பில் காயம் இல்லையே என்று தயங்கியிருந்தவர்கள் இனித் தயங்க வேண்டாம். தனக்காக விண்ணப்பிக்கும் வயதும் 21இலிருந்து 18ஆகக் குறைந்துவிட்டது.

விண்ணப்பக் கட்டணம் 1 வெள்ளி. சிங்பாஸ் என்ற அரசின் மின்னிலக்க அடையாளம் வழியாகக் குடும்ப நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் செய்யலாம். அதில் தடுமாறுபவர்களுக்காக பேவ் போன்ற, வன்செயலுக்கென்றே இயங்கும் சமூக சேவை நிலையங்களில் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். அங்கிருந்தே காணொளி வழி நீதிபதி முன் உறுதிமொழி எடுக்கும் வசதியும் உண்டு. ஆபத்து உடனடியாக இருந்தால் விரைவு ஆணை கேட்க வேண்டும். கணவரின் பதிலுக்குக் காத்திருக்காமல் நீதிமன்றம் கொடுக்கும் தற்காலிகப் பாதுகாப்பு அது. பொதுவாக 28 நாள் செல்லும், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும். அவரை வீட்டைவிட்டு அல்லது வீட்டின் ஒரு பகுதியைவிட்டு விலக்கி வைக்கும் ஆணையையும் கேட்கலாம், வீடு அவர் பெயரில் இருந்தாலும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆணை அவர் கையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். விண்ணப்பித்த அன்றிரவு எங்கே தூங்குவது என்பதற்கு முன்பே ஏற்பாடு வேண்டும். ஆணையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் மூன்று சந்தேகங்கள் இங்கே வரும். கல்யாணமாகி மூன்று ஆண்டு ஆகவில்லையே என்பது ஒன்று. அந்த மூன்றாண்டு விதி முஸ்லிமல்லாதவர்களின் மணவிலக்குக்கு உரியது. பாதுகாப்பு ஆணைக்கு அப்படி எந்தக் காத்திருப்பும் இல்லை, ஆணை வாங்கியதால் திருமணம் முறிந்துவிடவும் இல்லை. முஸ்லிம் பெண்கள் எங்கே போவது என்பது இரண்டாவது. மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும், பாதுகாப்பு ஆணை மட்டும் எல்லாரையும் போலக் குடும்ப நீதிமன்றத்தில்தான். மூன்றாவது, ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து, கணவரின் ஆதரவில் நீண்டகால அனுமதி அட்டையோடு இருக்கும் பெண்கள் கேட்பது: நான் குடிமகளும் இல்லை, நிரந்தரவாசியும் இல்லையே? பாதுகாப்பு ஆணை கேட்கக் குடியுரிமை தேவையில்லை. கணவன் மனைவியை வல்லுறவு கொள்வதும் 2020 ஜனவரி 1 முதல் விதிவிலக்கே இல்லாத குற்றம்.

வெளியார் தரும் தொல்லை

போஹா சட்டத்தில் ஓர் அழகு உண்டு. எது பின்தொடர்தல் என்பதைச் சட்டமே உதாரணம் கொடுத்துச் சொல்கிறது. தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணுக்கு அவள் உடம்பைப் பற்றி மீண்டும் மீண்டும் மின்னஞ்சல் அனுப்பும் மேலாளர் ஓர் உதாரணம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தினமும் பூ அனுப்புபவர் இன்னொன்று. பூ! நம் படங்களில் இதைக் காதல் என்று காட்டி வளர்த்துவிட்டார்கள். பின்னாலேயே சுற்றினால் ஒருநாள் மனம் இளகும் என்று நம்புகிற ஆண்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சட்டம் அந்தப் பூவைப் பூவாகப் பார்க்கவில்லை. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பிறகு வந்த பூ என்று பார்க்கிறது.

ஆகவே அந்த ‘வேண்டாம்’ எழுத்தில் இருக்கட்டும். ஒரே முறை, தெளிவாக, மன்னிப்புக் கேட்காமல்: “இனிமேல் எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள், அழைக்காதீர்கள், என் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வராதீர்கள்.” அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பதில் போகக்கூடாது. மரியாதைக்காக ‘ஓகேண்ணா, குட்நைட்’ என்று ஒரு மாதம் கழித்து அனுப்பிய ஒற்றைச் செய்தியைத்தான் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் முதலில் காட்டும். அவர் மிரட்டுகிறவர், சொன்னால் வெறி ஏறும் என்று பயமிருந்தால் இந்தச் செய்தியை நீங்களே அனுப்ப வேண்டாம். முதலில் போலிசுக்கோ உதவி எண்ணுக்கோ போங்கள்.

பாதுகாப்பு ஆணை கிடைக்க மூன்று விஷயங்கள் காட்டப்பட வேண்டும். சட்டத்தில் சொன்ன தொல்லைகளில் ஒன்றை அவர் செய்திருக்கிறார், அது தொடரக்கூடும், ஆணை கொடுப்பது நியாயம். குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நடுவில் இருக்கும் ‘தொடரக்கூடும்’ என்பதில்தான் விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. ஆறு மாதத்துக்கு முன் நடந்த ஒரே சம்பவத்தை மட்டும் எழுதி, அதற்குப் பிறகு வந்த தெரியாத எண் அழைப்புகளையும் புதிய போலிக் கணக்குகளையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சின்ன விஷயங்கள்தான் தொடர்ச்சிக்குச் சான்று.

இழப்பீடு 20,000 வெள்ளிக்கு மேல் கேட்காத வழக்குகளுக்கு எளிமையாக்கப்பட்ட நடைமுறை இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல், அரசு நீதிமன்றங்களின் சிஜேடிஎஸ் என்ற வழக்குப்பதிவு இணையத்தளத்தில் சிங்பாஸ் கொண்டு கேள்விகளுக்கு விடையளித்து விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் கூடவே விரைவுப் பாதுகாப்பு ஆணையும் கேளுங்கள். அதை 48 மணி நேரத்துக்குள்ளும், வன்செயல் ஆபத்து இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் விசாரணைக்கு எடுப்பது நீதிமன்றத்தின் இலக்கு. ஆணையை மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொல்லையைக் காதலராக இருப்பவரோ இருந்தவரோ செய்தால் தண்டனையின் உச்சவரம்பை இரட்டிப்பாக்கவும் இடமுண்டு.

எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் தெரியாவிட்டால் இங்கே முட்டுக்கட்டை விழும், ஏனெனில் வழக்குத் தாள்கள் அவர் கையில் சேர வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் போலிஸ் புகாரை முதலில் செய்வது நல்லது. தொல்லை கொடுப்பவர் தமிழ்நாட்டிலோ ஜோகூரிலோ இருந்துகொண்டு இங்குள்ள பெண்ணை மிரட்டினாலும் அது இங்கே குற்றமாக முடியும். ஆனால் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் தாளைச் சேர்ப்பதும் கடினம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

‘உன்ன நல்லா பாத்துக்கிறேன்’

சான்றுகளில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நீதிமன்ற மொழி ஆங்கிலம். தமிழில் வந்த செய்திகளைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் தமிழ்தான். “உன்ன நல்லா பாத்துக்கிறேன்டி” என்பதைக் கைப்பேசிச் செயலியில் போட்டால் ‘உன்னை நன்றாகக் கவனித்துக்கொள்வேன்’ என்ற பாசமான வாக்கியம் வெளியே வரும். “வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்” என்பது விருந்தாளியின் பேச்சாகிவிடும். “மூஞ்சி மூஞ்சியா இருக்காது” என்பதற்கு ஆங்கிலத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் மிரட்டல் காணாமல் போய்விடும்.

எனவே உங்கள் வாக்குமூலத்தில், அந்தச் செய்திக்குப் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள்: இந்தச் சொற்றொடர் தமிழில் அடிப்பேன், பழிவாங்குவேன் என்ற பொருளில் சொல்லப்படுவது, இதற்கு முன் இன்ன தேதியில் இதையே சொல்லிவிட்டு இன்னது செய்தார், படித்ததும் நான் வேலைக்குப் போகும் வழியை மாற்றினேன். குரல்பதிவாக வந்தால் எந்த நிமிடம், எந்த விநாடியில் என்ன சொல்கிறார் என்று எழுதி வையுங்கள். எட்டு நிமிடப் பதிவை முழுதும் கேட்டு மிரட்டலைத் தேடும் வேலையை அடுத்தவரிடம் விடாதீர்கள்.

திரையைப் படம்பிடித்து வைப்பதிலும் தவறுகள் நடக்கின்றன. பெயர் ‘குமார் அண்ணா’ என்று சேமித்திருந்தால் படத்தில் குமார் அண்ணாதான் தெரிவார், எண் தெரியாது. அந்தத் தொடர்பின் விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணோடு ஒரு படம் எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். தேதி தெரியட்டும், உங்கள் பதிலும் தெரியட்டும், உங்களுக்குச் சங்கடமான பதில் உட்பட. வெட்டப்பட்ட பகுதி எதிர்த்தரப்பின் கையில் வந்தால் உங்கள் பேச்சையே சந்தேகிப்பார்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். தானாக மறையும் செய்திகள் அமைப்பில் இருந்தால் வந்த உடனே இன்னொரு கைப்பேசியால் படமெடுக்க வேண்டும். சமூக ஊடகப் பதிவென்றால் படத்தோடு இணைய முகவரியும் வேண்டும். அழைப்புப் பட்டியலையும் மறக்காதீர்கள். பழைய அழைப்புகள் கைப்பேசியில் தங்குவதில்லை. இதெல்லாம் முடிந்த பிறகு எண்ணைத் தடை செய்யுங்கள். அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவது மனித இயல்பு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அழிப்பதற்கு முன் நம்பிக்கையான ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து இந்த வேலையைச் செய்யச் சொல்லலாம்.

அந்தரங்கப் படங்களுக்கு விதி வேறு. படத்தைப் பரப்புவது மட்டுமல்ல, ‘போட்டுவிடுவேன்’ என்று மிரட்டுவதே 377பிஇ பிரிவின்கீழ் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அபராதமும் பிரம்படியும் சேரலாம். முகத்தை ஒட்டி உருவாக்கிய போலிப் படமும் இதில் அடங்கும். நீங்களே விரும்பி அனுப்பிய படமாக இருந்தாலும் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது. இந்தப் படங்களைச் சான்றுக்காகத் தோழிக்கோ அக்காவுக்கோ அனுப்பி வைக்காதீர்கள், கைப்பேசியோடு போலிசிடம் போங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். இணையத் தீங்குகளுக்காக 2025 நவம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்கீழ் அமையும் ஆணையம், இணையத் தொல்லை, தனிவிவரங்களை அம்பலப்படுத்துதல், இணையத்தில் பின்தொடர்தல், அந்தரங்கப் படங்களைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றை முதற்கட்டத்திலேயே கையிலெடுக்கும்படி வகுக்கப்பட்டுள்ளது.

கோபத்தில் அவன் பெயர், படம், வேலையிடம் எல்லாவற்றையும் முகநூலில் போட்டுவிடத் தோன்றும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தொல்லைப்படுத்தும் நோக்கில் ஒருவரின் தனிவிவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் அதே போஹா சட்டத்தில் குற்றம். வழக்குப் போட வேண்டியவள் வழக்கில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

வேலையிடம்

அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்புப் பங்காளிகள் 2015இல் வெளியிட்ட வேலையிடத் தொல்லை குறித்த வழிகாட்டி, ஒவ்வொரு நிறுவனமும் புகார் செய்ய ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது. வழி இருந்தாலும் வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றில் போகும். மின்னஞ்சலில் தேதி, இடம், சொன்ன சொல், பார்த்தவர் யார் என்று எழுதி, என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: அவரோடு இரவுப் பணி வேண்டாம், இருக்கை மாற்றம் வேண்டும், விசாரணை வேண்டும். நிறுவனம் விசாரிக்கும்வரை போலிசுக்குப் போகக்கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதி இல்லை. நிறுவனம் அசையாவிட்டால் டாஃபெப் எனப்படும், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் போகலாம். எண் 6838 0969.

மனம் வெறுத்து அன்றே பணிவிலகல் கடிதம் கொடுப்பதுதான் இங்கே அதிகம் இழப்பைத் தருவது. தாங்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டு விலகியது நியாயமற்ற பணிநீக்கமாகக் கருதப்படலாம், ஆனால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு மாதம் அழுதுகொண்டே போய்விடும். கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றிச் சொல்வது கடினம். உண்மைக் காரணத்தையே எழுதுங்கள். நியாயமற்ற பணிநீக்கக் கோரிக்கைக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகச் சமரசத்துக்குச் சென்றால் 30,000 வெள்ளி.

இல்லப் பணிப்பெண்களின் நிலை இன்னும் கடினம், வேலையிடமும் வீடும் ஒன்றே. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: முதலாளியோ அந்த வீட்டாரோ பணிப்பெண்ணுக்கு எதிராக மானபங்கம் போன்ற குற்றம் செய்தால் தண்டனையை இருமடங்குவரை உயர்த்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடப்பிதழ் உங்களுடையது, அதை முதலாளி பிடித்துவைக்கக்கூடாது. இல்லப் பணியாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233.

போலிஸ் புகாருக்குப் பின்

புகார் கொடுத்தவுடன் கைது நடக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. மானபங்கம், ஒளிந்து படமெடுத்தல் போன்றவற்றில் போலிஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். போஹாவில் உள்ள சில குற்றங்களில் அப்படிச் செய்ய முடியாது. அப்போது அதிகாரி, நீதிபதியிடம் நேரடிப் புகார் செய்யும்படி சொல்வார். அது கைகழுவல் அல்ல. அரசு நீதிமன்றத்தில் அந்தப் புகாரைப் பார்க்கும் நீதிபதி, போலிசை விசாரிக்கச் சொல்லவோ சமரசத்துக்கு அனுப்பவோ முடியும். போலிஸ் எச்சரிக்கையோடு முடித்துக்கொண்டாலும், மேல்நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தாலும், பாதுகாப்பு ஆணை கேட்கும் வழி அடைபடுவதில்லை.

வல்லுறவு போன்ற கடுமையான தாக்குதல் என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் போக முடிந்தால் போங்கள். மாற்றியிருந்தால் அந்த உடையைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். 72 மணி நேரத்துக்குள் போவது தடயத்துக்கும் நல்லது, கருத்தடை மருந்துக்கும் தொற்றுத் தடுப்பு மருந்துக்கும் நல்லது. போலிஸ் கேண்டோன்மென்ட் வளாகத்தில் 2017 முதல் இயங்கும் ஒன்சேஃப் நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையும் விசாரணையும் ஒரே இடத்தில் நடக்க முடியும். குளித்துவிட்டேனே, இனி என்ன பயன் என்று இருந்துவிடவும் வேண்டாம்.

பெயர் வெளியே வருமே என்ற பயம்தான் நம் சமூகத்தில் வாயைக் கட்டுவது. பாலியல் குற்றத்தில் புகார் கொடுத்தவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதற்குப் புகார் செய்த கணத்திலிருந்தே தடை இருக்கிறது. நாளிதழில் வராது, வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் குற்றம். நீதிமன்றத்தில் அவன் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னிருந்து சாட்சி சொல்லக் கேட்கலாம். உங்கள் பழைய உறவுகளைப் பற்றி நீதிமன்ற அனுமதி இல்லாமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளற முடியாது.

அடுத்தது, பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். “பையனோட எதிர்காலம் போயிடும்மா, கேஸ வாபஸ் வாங்கிடு.” இங்கே குற்ற வழக்கை நடத்துவதா நிறுத்துவதா என்பது அரசு வழக்கறிஞரின் முடிவு, உங்கள் கையில் இல்லை. மானபங்க வழக்கில் சமரசம் என்றாலும் அவர் ஒப்புதல் வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் உங்கள்மேல் விழும் பாரம் பாதி இறங்கும்: “மாமா, அது என் கையில இல்ல.”

கூட வர ஆள் வேண்டுமா? தேசிய வன்செயல் மற்றும் பாலியல் தொல்லை எதிர்ப்பு உதவி எண் 1800 777 0000, இருபத்து நான்கு மணி நேரமும். 1985இல் தொடங்கிய அவேர் பெண்கள் அமைப்பின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையம், போலிஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கூடவே ஒருவரை அனுப்பும். எண் 6779 0282. தமிழில் பேசிக் குடும்ப ஆலோசனை பெற சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், 1800 295 4554. தங்க இடம் வேண்டுமென்றால் சிங்கப்பூர்ப் பெண்கள் அமைப்புகளின் மன்றம் நடத்தும் ஸ்டார் ஷெல்டர் போன்ற காப்பகங்கள் உண்டு. முகவரியை வெளியே சொல்வதில்லை, உதவி எண் வழியாக அல்லது குடும்ப சேவை நிலையம் வழியாகப் போக வேண்டும். உடனடி ஆபத்தில் 999. அவன் அதே அறையில் இருக்கிறான், பேச முடியாது என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. முகவரியை முதலில் எழுதுங்கள், காரணத்தைப் பிறகு.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். களைப்பில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்ட வேண்டும், தமிழில் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வரிவரியாகக் கேளுங்கள். நீங்கள் ‘அழுத்திப் பிடிச்சான்’ என்றது ‘தொட்டார்’ என்று ஆகியிருக்கிறதா, ‘நாலு தடவ’ என்றது ‘சில முறை’ ஆகியிருக்கிறதா, “விடுங்கன்னு சொன்னேன்” என்ற வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, பிறகு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.